குடத்துக்கு ஒரு கத்தி

தோட்டத்தை நிறுத்தப்போகிறார்கள் என்பது உறுதியானதும் எங்களிடமிருந்து முதலில் வாங்கிக்கொண்டது கத்திகளைத்தான். தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி ஒரு சாக்கைத் தூக்கிக்கொண்டு, நாங்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்தில் வாசல் வாசலாக வந்தார். பால் வெட்டும் கத்தி, காடு வெட்டும் பாராங், களைக்கொத்து எல்லாம் தோட்டத்துச் சொத்து, சாக்கில் போடு என்றார். போட்டோம். மறுநாள் விடிவதற்கு முன் எழுந்து வழக்கம்போலக் கூரை இடுக்கில் கையை விட்டுத் துழாவினேன். அங்கே ஒன்றும் இல்லை என்பது கைக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

கித்தா என்கிற ரப்பர் பாலுக்கு விலையே இல்லாமல் போய்விட்டது என்றார்கள். ஆட்களை லாரியில் குளுவாங்குக்கு ஏற்றிப்போய், அங்கிருந்து ரயிலில் சிங்கப்பூருக்கும், பிறகு கப்பலில் நாகப்பட்டினத்துக்கும் அனுப்புவதாகப் பேச்சு. காஹாங் பக்கத்துத் தோட்டங்களில் பாதி ஏற்கெனவே காலியாகிவிட்டன. எங்கள் லாரி நாளைக்கு வரும் என்பார்கள், வராது. நான் மூட்டையைக் கட்டுவேன். சோறாக்கச் சட்டி வேண்டுமென்று அவிழ்ப்பேன். மறுபடி கட்டுவேன். வேலை இல்லாத பகல் எவ்வளவு நீளம் என்பது அதுவரை எனக்குத் தெரியாது.

என் வீட்டுக்காரருக்கு வேலை இருந்த காலத்திலேயே ஓர் இடத்தில் உட்கார வராது. இப்போது கேட்கவே வேண்டாம். கிணற்றடிக்குப் போவார், பால் நிறுக்கும் மடுவத்துக்குப் போவார், பாதையில் நின்று லாரிச் சத்தம் கேட்கிறதா என்று பார்ப்பார், திரும்பி வந்து, "என்ன சொல்ற? போவோமா, இருப்போமா?" என்று என்னைக் கேட்பார். நான் பதில் சொல்வதற்குள் மறுபடி கிணற்றடிக்குப் போய்விடுவார். அவருக்கு ஊரில் தாய் தகப்பன் இல்லை. எனக்கு ஊர் என்பது அப்பா வாயில் கேட்ட ஒரு பெயர், அவ்வளவுதான். நான் பிறந்ததே இந்த ஜோகூர் சீமையில்தான்.

அப்படி இருந்தபோது, லயத்துக்குக் காய்கறி கொண்டுவரும் சீனர் ஒருநாள் வெறுங்கூடையோடு வந்தார். சிங்கப்பூரில் அவருடைய அண்ணன் படுத்த படுக்கையாக இருக்கிறாராம். போனால் திரும்பி வரச் சில மாதம் ஆகும். ஆற்றுக்கு மேல்பக்கம், காட்டை ஒட்டி, மரவள்ளி போட்டிருக்கிறார். "பாபி பாஞாக்," என்றார் மலாயில். பன்றிகள் ஏராளம், ஆள் இல்லாவிட்டால் ஒரு கிழங்கு மிஞ்சாது. யாராவது குடிசையில் இருந்து பார்த்துக்கொண்டால் விளைந்ததில் பாதி அவர்களுக்கு.

"நாங்க பாத்துக்கறோம்," என்று சொல்லிவிட்டார் என் வீட்டுக்காரர். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன் என்பது வேறு விஷயம்.

மண்வெட்டி குடிசையில் இருக்கிறது, பாராங்கை மட்டும் என்னோடு எடுத்துப்போகிறேன், கத்தி நீங்களே கொண்டுவாருங்கள் என்றார் சீனர். வழியும் சொன்னார். ஆற்றை விடாமல் மேலே போக வேண்டும், அரை நாள் நடை.

அப்போதுதான் எங்களிடம் ஒரு கத்தியும் இல்லை என்பது பெரிய விஷயமாயிற்று. என்னிடம் இருந்தது அரிவாள்மனை. அதைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் நடக்க முடியுமா?

காஹாங் கடைத்தெருவில், ஊரிலிருந்து வந்த கரையோரத்து முஸ்லிம் ஒருவர் கடை வைத்திருந்தார். அவரை எல்லாரும் நானா என்றுதான் கூப்பிடுவோம். தோட்டங்கள் மூடிய பிறகு அவர் கடையிலும் ஈ ஓட்டுகிற நிலைமை. அலமாரிகள் பாதி வெறுமையாகக் கிடந்தன. கத்தி என்று கேட்டதும் கல்லாவுக்கு அடியில் குனிந்து இரண்டை எடுத்து வைத்தார்.

"ரெண்டுதாம்மா இருக்கு. பாராங்கெல்லாம் போயிடுச்சு. லயத்துல கத்திய வாங்கிட்டாங்கன்னதும் இருக்கறவன் எல்லாம் வந்து அள்ளிட்டுப் போயிட்டான்."

இரண்டுமே சின்னக் கத்திகள். இரண்டுமே மடக்காத கத்திகள், இடுப்பில் உறையோடு செருகிக்கொள்கிற மாதிரி. மற்றபடி ஒன்றுக்கும் மற்றதுக்கும் சம்பந்தமே இல்லை.

ஒன்று காட்டை அளக்க வந்த வெள்ளைக்காரர் ஒருவர் ஊருக்குப் போகும்போது விட்டுப்போனது. குட்டையானது. அலகு என் உள்ளங்கை நீளம்கூட இராது, ஆனால் முதுகுப் பக்கம் நல்ல கனம். அலகின் இரும்பே பிடியின் கடைசிவரை ஓடியது. இரண்டு பக்கமும் மரத்தை வைத்துப் பித்தளை ஆணி அடித்திருந்தார்கள். தடித்த தோல் உறை. கையில் எடுத்தால் கல்லை எடுத்த மாதிரி இருக்கும்.

மற்றது மலாய்க் கொல்லர் அடித்தது. அதைவிட விரல்கடை நீளம், ஆனால் மெல்லிசு. பிரம்பு சீவுகிற கத்தி என்றார் நானா. நீண்ட மரப்பிடி, அதற்குள் அலகின் வால் கொஞ்ச தூரம் நுழைந்து குங்கிலியத்தில் இறுகியிருந்தது. உறையும் மரம்தான், பிரம்பு நாரால் வரிந்து கட்டியது. எடுத்தால் கையில் ஒன்றும் இருக்கிற மாதிரியே தெரியாது.

எங்களிடம் கொடுக்க இருந்தது என் பித்தளைக் குடம். கல்யாணத்துக்கு அம்மா கொடுத்தது. அதைப் புரட்டிப் பார்த்து, சுண்டிப் பார்த்துவிட்டு, "குடத்துக்கு ஒரு கத்தி," என்றார் நானா.

என் வீட்டுக்காரர் தன் குடையைக் காட்டினார். "இதையும் வச்சுக்கிட்டு ரெண்டையும் குடுங்களேன்."

"மழை பெய்யற ஊர்ல ஆளுக்கு ரெண்டு குடை வச்சிருக்கான். எனக்கு எதுக்கு ஒங்க குடை? ஒண்ணு எடுத்துக்குங்க."

என் வீட்டுக்காரர் கை நேராகக் குட்டைக் கத்திக்குத்தான் போனது. கடைக்குப் பின்னால் விறகு கிடந்தது. ஒரு கட்டையை நிறுத்தி, கத்தியை அதன் தலையில் வைத்து, இன்னொரு கட்டையால் கத்தியின் முதுகில் அடித்தார். கட்டை இரண்டாகப் பிளந்தது. மறுபடி அடித்தார், நாலாயிற்று. கத்திக்கு ஒரு கீறல் இல்லை. அவர் முகத்தில் பல நாளைக்குப் பிறகு சிரிப்பு வந்தது.

"பாத்தியா? மழைக்காலத்துல வெளிய இருக்கற வெறகு பூரா நனைஞ்சிருக்கும். பொளந்தாதான் உள்ள காஞ்சது கெடைக்கும். இத வச்சு மண்ணக்கூடத் தோண்டலாம்."

நான் மெல்லிசுக் கத்தியை எடுத்து ஒரு மூங்கில் சிம்பைச் சீவினேன். அழுத்தவே இல்லை. சுருள் சுருளாக, தாள் மாதிரி உரிந்து வந்தது. பிறகு குட்டைக் கத்தியை வாங்கி அதே சிம்பைச் சீவினேன். வெட்டியது, ஆனால் மேலே மேலே ஏறிக்கொண்டு, கடித்துக் கடித்து வெட்டியது. தீட்டினால் சரியாகும் என்றார் அவர். தீட்டலாம், கனத்தை என்ன செய்வது? அதன் பிடியைச் சுற்றி மூடினால் என் விரல்கள் ஒன்றையொன்று எட்டவில்லை. அதோடு அந்தத் தோல் உறை. எந்நேரமும் ஈரமாக இருக்கிற காட்டில் தோல் தண்ணீரைக் குடித்துக்கொண்டு கத்தியைத் துருப்பிடிக்க வைக்கும். மர உறையைக் கவிழ்த்தால் தண்ணீர் கொட்டிவிடும்.

இதையெல்லாம் சொன்னேன். அவர் அந்தக் குங்கிலியத்தைக் காட்டினார். "இது வெயில்ல இளகும். ஒரு நாளைக்குப் பிடி ஒங்கையில இருக்கும், கத்தி ஆத்துல கெடக்கும்." அதுவும் நியாயம்தான்.

"சரி, கத்தி யாரு இடுப்புல இருக்கும்?" என்று கேட்டேன்.

"இதென்ன கேள்வி? என் இடுப்புலதான்."

"நீங்க வேலி சுத்தப் போயிட்டா நான் குடிசையில எத வச்சுக் கெழங்கு வெட்டறது? என்னமோ ஒண்ணு வந்து நின்னா எதக் கையில எடுக்கறது?"

அவர் அதை யோசிக்கவே இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. உடனே கோபம் வந்தது. எவ்வளவு நேரம் போனாலும் கூப்பிடு தூரத்தில்தான் இருப்பேன் என்றார். கூப்பிடு தூரத்தில் இருக்கிற ஆள் வந்து சேர்வதற்குள் எத்தனை நடக்கும் என்று நான் கேட்கவில்லை. கடையில் இன்னொரு ஆள் முன்னால் அதற்குமேல் பேச வேண்டாம் என்று விட்டுவிட்டேன். குட்டைக் கத்தியை வாங்கிக்கொண்டு லயத்துக்குத் திரும்பினோம்.

அன்றைக்கு முழுக்க அதை வைத்து என்னென்னவோ செய்து பார்த்தேன். வெங்காயம் நசுங்கியது. கருவாட்டுத் தலையை எடுக்கப் போய் வால்வரை கிழிந்தது. அவர் தீட்டுக்கல்லில் உட்கார்ந்து தேய் தேய் என்று தேய்த்தார். கூர் வந்தது, கனம் அப்படியேதான் இருந்தது. மறுநாள் காலையில் அவர் லாரிச் சேதி கேட்கப் போயிருந்த நேரத்தில், கத்தியை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு கடைத்தெருவுக்கு நடந்தேன்.

"நானா, மாத்திக் குடுங்க."

"அலமாக்! அவருக்குத் தெரியுமா?"

"என் கொடம் நானா."

நானா குனிந்து மெல்லிசுக் கத்தியை எடுத்துக் கொடுத்தார்.

வீட்டில் பெரிய சண்டை. கத்தியைப் பிடுங்கிக்கொண்டு அவரே கிளம்பிவிட்டார், மாற்றிக்கொண்டுதான் வருவேன் என்று. நான் அவர் பின்னாலேயே ஓடினேன். கடையில் இருவரும் ஒரே சமயத்தில் பேச ஆரம்பித்தோம். நானா இரண்டு கையையும் தூக்கினார்.

"கத்தி வாங்கறீங்களா, பொண்ணு பாக்கறீங்களா? புருஷனும் பொஞ்சாதியும் வெளிய போயி நின்னு பேசிட்டு வாங்க. யாராவது ஒருத்தர் மட்டும் உள்ள வரணும்."

வெளியே போய் நின்றோம். தெருவில் ஒரு நாய் படுத்திருந்தது, அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். கடைசியில் அவர் கத்தியை என் கையில் கொடுத்து, "ஒன் கொடந்தான்," என்று சொல்லிவிட்டு லயத்தைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார். நான் மெல்லிசுக் கத்தியோடு பின்னால் போனேன். ஜெயித்த மாதிரி இல்லை. பாதி வழியிலேயே, குட்டைக் கத்தியை வைத்திருக்கலாமோ என்று எனக்கே தோன்ற ஆரம்பித்துவிட்டது. சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து அதைச் சொல்லவும் செய்தேன். அவர் சட்டென்று எழுந்து செருப்பைத் தேடினார். ஆனால் அதற்குள் நானா கடையைச் சாத்திக்கொண்டு சாமான் பார்க்கக் குளுவாங் போய்விட்டதாகக் கடைத்தெருவிலிருந்து வந்தவர்கள் சொன்னார்கள். மறுநாள் லாரி நிச்சயம் என்ற சேதியும் அவர்களோடு வந்தது. ஆக, கத்தியை முடிவு செய்தது நானும் இல்லை, அவரும் இல்லை.

விடியும்போது கிளம்பிவிட்டோம். சட்டி ஒன்று, அரிசி, உப்பு, கருவாடு, இரண்டு பாய், அவர் குடை. அரிவாள்மனையைப் பக்கத்து வீட்டுக்காரியிடம் கொடுத்தேன். அவள் கப்பலுக்குப் போகிறவள். அவளுக்கும் அது எதற்கு? ஆனாலும் வாங்கிக்கொண்டாள். ஆற்றோரம் நடந்துகொண்டிருக்கும்போது தூரத்தில் லாரி ஹாரன் கேட்டது. அவர் நின்றுவிட்டார். நானும் நின்றேன். ஹாரன் மறுபடி அடித்தது. ஆள் குறைகிறதென்று அடிக்கிறார்களோ என்று இருந்தது. திரும்பினால் ஓடிப்போய் ஏறிவிடலாம், அவ்வளவு பக்கம்தான். அவர் என்னைப் பார்த்தார், நான் தண்ணீரைப் பார்த்தேன். பிறகு நடந்தோம்.

குடிசை என்பது நாலு கால், அத்தாப்பு ஓலைக் கூரை, மூங்கில் பரண். சுற்றிலும் ஆள் உயரத்துக்கு மரவள்ளி. அதைச் சுற்றிக் கம்புவேலி, வேலிக்கு அந்தப் பக்கம் காடு. போய்ச் சேர்ந்த அன்றே மழை பிடித்துக்கொண்டது.

அடுப்பு பற்றவைப்பதே பெரும்பாடு. கிடைத்த விறகெல்லாம் பஞ்சு மாதிரி தண்ணீரைக் குடித்திருந்தது. "குட்டைக் கத்தி இருந்திருந்தா இந்நேரம் பொளந்திருப்பேன்," என்றார். கீழே சாயாமல் நின்றபடியே பட்டுப்போன ஒரு மரத்தை நான் தேடிப்பிடித்து அதன் கிளைகளை ஒடித்துவந்தேன். மேல்தோலைச் சீவி எறிந்துவிட்டு, உள்ளே இருந்ததைச் சுருள் சுருளாகச் சீவிக் குவித்தேன். கைநிறையச் சுருள் சேர்ந்த பிறகுதான் நெருப்பு பிடித்தது. கண்ணெல்லாம் புகை. அவர் சோறு தின்றார். தின்று முடித்துவிட்டு, "பொளந்திருந்தா இவ்வளவு நேரம் ஆயிருக்காது," என்றார்.

அப்படியே தினமும் நடந்தது. வேலிக்குக் கம்பு வெட்டப் போனால், குட்டைக் கத்தி என்றால் நாலே வெட்டு என்பார். கதவுக்குப் பிரம்பு பிளக்கும்போது மட்டும் வாயைத் திறக்க மாட்டார், ஏனென்றால் அதில் மெல்லிசுக் கத்தியைக் குறை சொல்ல இடமில்லை. எனக்கு எரிச்சலாக வரும். அதோடு, அவர் சொல்கிறதில் பாதி உண்மை என்று தெரிவதால் இன்னும் எரிச்சலாக வரும்.

ஒருநாள் நான் ஆற்றுக்குப் போயிருந்தபோது, கத்தியை எடுத்துக் கட்டையில் வைத்து முதுகில் அடித்திருக்கிறார். கட்டை பிளக்கவில்லை. மாட்டிக்கொண்ட கத்தியை ஆட்டி இழுத்ததில் முனை ஒடிந்து உள்ளேயே நின்றுவிட்டது. பிடியும் ஆட்டம் கண்டுவிட்டது. நான் வந்தபோது அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என்னாச்சு?"

"ஒடைஞ்சுபோச்சு."

"அதுவா ஒடைஞ்சுச்சா?"

"நான்தான் ஒடைச்சேன். திட்டறதுன்னா திட்டு."

திட்டினேன். நிறையவே திட்டினேன். கத்திக்காக மட்டும் இல்லை. லாரி, குடம், மழை எல்லாவற்றையும் சேர்த்து. அவர் எழுந்துபோய், காட்டில் மரத்திலிருந்து வழிந்து இறுகியிருந்த குங்கிலியத்தைச் சுரண்டிக் கொண்டுவந்தார். அதைச் சிரட்டையில் உருக்கிப் பிடியில் ஊற்றி, அலகைச் செருகி, இறுகும்வரை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிடி நின்றது. முனை மட்டும் மொண்ணை.

அதற்குப் பிறகு சில நாள் கழித்துத்தான் அது நடந்தது. பன்றிகளுக்காக வேலியின் உள்பக்கம் சீனர் மூங்கில் முளைகளைக் கூராகச் சீவி நட்டிருந்தார். எங்கெங்கே என்று லயத்துக்கு வந்தபோதே சொல்லியும் இருந்தார். மழையில் புல் மண்டிப்போய் ஒன்று மறைந்துவிட்டது. பன்றிச் சத்தம் கேட்டு ஓடிய என் வீட்டுக்காரர் அதன்மேல் காலை வைத்துவிட்டார்.

அவரே பிடுங்கி எறிந்துவிட்டு நொண்டிக்கொண்டு வந்தார். கழுவினோம், மஞ்சள் வைத்துக் கட்டினோம். ஆனால் முளையின் நுனி உள்ளேயே தங்கிவிட்டிருக்கிறது. பாதம் வீங்கியது. கணுக்கால்வரை சிவந்தது. தொட்டால் நெருப்பாகச் சுட்டது. அவர் கத்துகிற மனிதர் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்ப்பார், பிறகு எழுந்து நடக்கப் பார்ப்பார். படுக்க வைப்பேன். மறுபடி எழுவார்.

சிம்பை எடுத்தே ஆக வேண்டும். மொண்ணைக் கத்தியால் எப்படி எடுப்பது? ஆற்றங்கரைக் கல்லில் உட்கார்ந்து அந்த ஒடிந்த நுனியைத் தேய்க்க ஆரம்பித்தேன். ஒரு பக்கம் தேய்ப்பேன், திருப்பி மறுபக்கம் தேய்ப்பேன், ஓடிப்போய் அவரைப் பார்ப்பேன், திரும்பி வந்து தேய்ப்பேன். இரும்பு மெல்லிசாக இருந்தது அன்றைக்கு நல்லதாகப் போயிற்று. மத்தியானத்துக்குள் முனை வந்துவிட்டது. முன்னைப்போல அழகாக இல்லை, கோணல்தான். ஆனால் குத்தும்.

நெருப்பில் காட்டி ஆறவைத்தேன். அவர் வாயில் துண்டைச் சுருட்டிக் கொடுத்தேன். துண்டை எடுத்துவிட்டு, "ஒனக்குக் கை நடுங்குதா?" என்று கேட்டார்.

"இல்ல."

"நடுங்குது."

"அப்ப கண்ண மூடிக்குங்க."

கீறினேன். முதலில் சீழ் வந்தது, பிறகு இரத்தம். கத்தி முனையால் உள்ளே மெல்லத் தடவிப் பார்த்தபோது தசையில் இல்லாத ஒரு கடினம் தட்டுப்பட்டது. அதன் அடியில் முனையைக் கொடுத்து நெம்பி, நகத்தால் பிடித்து இழுத்தேன். அரை விரல் நீளத்துக்கு மூங்கில் வந்தது. அவர் அதை வாங்கிப் பார்த்து, "இவ்வளவுதானா?" என்றார். அப்புறம் மயங்கிவிட்டார்.

சிம்பு வந்துவிட்டது, காய்ச்சல் போகவில்லை. மறுநாள் அவர் ஏதேதோ பேச ஆரம்பித்தார். அவரைக் கடைத்தெருவுக்குக் கொண்டுபோக வேண்டும். இரண்டு கம்பில் பாயைக் கட்டி இழுத்துக்கொண்டு போகலாமா என்று பார்த்தேன். மணிக்கட்டுப் பருமனுள்ள ஒரு கம்பை வெட்டத் தொடங்கினேன். கத்தி வளைந்து வளைந்து திரும்பியது. கொத்துகிறேன், கொத்துகிறேன், பட்டைதான் பெயர்கிறது. பாதிக் கம்புகூட அறுபடுவதற்குள் பிடி மறுபடி ஆட ஆரம்பித்துவிட்டது. அன்றைக்குக் குட்டைக் கத்தியை நினைத்து நான் அழுதேன். அவர் சொன்ன அத்தனையும் சரி என்று அவரிடம் சொல்லவேண்டும் போல இருந்தது. ஆனால் கம்பு கிடைத்திருந்தாலும் அந்தப் பாதையில் அவரை நான் ஒருத்தியாக இழுத்திருக்க முடியாது. அது பிறகுதான் புரிந்தது.

நான் மட்டும் போய் ஆள் கூட்டிவருவது என்று முடிவு செய்தேன். அவருக்கு அப்போது கொஞ்சம் தெளிவு இருந்தது. தண்ணீர்ச் சட்டியைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்தேன். கத்தியை அவர் பக்கத்தில் வைத்தேன்.

"இது எதுக்கு?"

"நீங்க தனியா இருக்கீங்க."

"நீ தனியா நடக்கப்போற." கத்தியை எடுத்து என் பக்கம் தள்ளினார். நான் திருப்பி வைத்தேன். அவர் முழங்கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார், அந்த உடம்போடு. "இங்க வா," என்றார். போனேன். உறையில் இருந்த நாரை என் இடுப்புச் சேலையில் கொடுத்து, இரண்டு முடிச்சுப் போட்டார். கை சூடாக இருந்தது. "பிடி ஆடுது. எதையும் ஓங்கி வெட்டாத," என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார்.

வழியில் புலியும் வரவில்லை, ஒன்றும் வரவில்லை. பிரம்பு முள் மட்டும் இரண்டு இடத்தில் சேலையையும் தோளையும் கொக்கி போட்டு நிறுத்தியது. இழுத்தால் இன்னும் இறுகும். கத்தியை எடுத்து ஒவ்வொரு முள்ளாகச் சீவிவிட்டு நடந்தேன். ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டேதான் நடந்தேன். திரும்பிப் போகும்போது அவர் எப்படி இருப்பாரோ என்ற நினைப்பு காலை ஓட வைத்தது; ஓடினால் வழுக்கியது.

நானா என்னைப் பார்த்ததும் கல்லாவை விட்டு இறங்கி வந்தார். சொல்லி முடிப்பதற்குள், ஆற்றில் படகு வைத்திருந்த இரண்டு மலாய்க்காரர்களைக் கூப்பிட்டு அனுப்பிவிட்டார். அவர்கள் வரும்வரை ஒரு குவளைத் தேத்தண்ணீரைக் கொடுத்து உட்காரச் சொன்னார். எனக்கு உட்கார முடியவில்லை. நின்றபடி குடித்தேன். கண் தானாகக் கல்லாவுக்கு அடியில் போனது.

"அந்தக் குட்டைக் கத்தி, நானா?"

"அது போயிடுச்சும்மா. நீங்க போன மறுவாரமே ஒருத்தர் எடுத்துக்கிட்டார்."

அந்த நேரத்தில், அந்த நிலைமையில், எனக்கு என்னமோ நெஞ்சில் இருந்து ஒரு பாரம் இறங்கியது. இனி மாற்ற முடியாது. இருப்பது இதுதான். படகு வந்துவிட்டது, ஏறினேன்.

அவர் உயிரோடு இருந்தார். படகில் கடைத்தெருவுக்கும், நானா பிடித்துக்கொடுத்த லாரியில் குளுவாங் ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோனோம். காலை எடுக்க வேண்டிவருமோ என்று டாக்டர் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு அந்தப் பேச்சு நின்றுவிட்டது. இரண்டு சின்ன விரல்கள் மட்டும் கடைசிவரை மடங்கவில்லை.

காய்ச்சல் விட்டதும் பழைய ஆள் திரும்பிவிட்டார். கட்டிலில் படுத்துக்கொண்டு, "கப்பல்ல போயிருந்தா இதெல்லாம் ஆயிருக்குமா?" என்றார்.

"கப்பல்ல போயிருந்தா ஒரு எடத்துல உக்காராம சுத்தி, கடல்ல விழுந்திருப்பீங்க. சும்மா படுங்க."

பக்கத்துக் கட்டில்காரர் சிரித்தார். இவரும் சிரித்துவிட்டார்.

நாங்கள் இல்லாத நாட்களில் பன்றிகள் மரவள்ளியில் ஒரு பக்கத்தையே உழுதுவிட்டிருந்தன. சீனர் திரும்பி வந்து பார்த்து, தலையில் கையை வைத்துக்கொண்டு தன் பாஷையில் நெடுநேரம் பேசினார். அண்ணனை அடக்கம் செய்துவிட்டு வந்திருந்தார். நான் நடந்ததைச் சொல்லி, என் வீட்டுக்காரரின் காலைக் காட்டினேன். அவர் குனிந்து பார்த்தார். பிறகு எழுந்துபோய் வேலியோரத்தில் இருந்த முளைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி ஆற்றில் எறிந்தார். மிஞ்சிய கிழங்கைப் பேசினபடியே இரண்டாகப் பிரித்தோம். ஆற்றைப் பார்த்த தாழ்நிலத்தில் நீங்கள் வேண்டுமானால் ஏதாவது போட்டுக்கொள்ளுங்கள் என்றார். மிளகாயும் வாழையும் போட்டோம்.

அடுத்த வருஷமோ அதற்கடுத்த வருஷமோ தோட்டத்தைத் திறந்தார்கள். கிராணி ஆளனுப்பினார். இவருக்கு ஒரே பரபரப்பு. அன்றைக்கே போக வேண்டும் என்றார். வாழை தாறு போடுகிற நேரத்தில் நான் எங்கே வருவது? நீங்கள் போங்கள், நான் இருக்கிறேன் என்றேன். போனார். நான் தனியாக இருந்தேன். சீனர் கூப்பிடு தூரத்தில் இருந்தார். எனக்குப் பயமாக இல்லை என்று சொன்னால் பொய், ஆனால் வேலை சரியாக இருந்தது.

ஒரு மாதம் ஆகியிருக்கும். மத்தியானத்தில் பாதையில் ஆள் வருகிற அரவம் கேட்டது. பார்த்தால் இவர்தான், தோளில் பாய்ச்சுருட்டு.

"என்னங்க, லீவா?"

"காலையில ஆள் எண்ற பெரட்டுல நிக்க முடியல. காலு வலிக்குது."

அவருடைய நடையைப் பார்த்தேன். அரை நாள் நடந்து வந்தவர், நொண்டவே இல்லை. சோறு போட்டேன். சாப்பிட்டுவிட்டுக் கையைக் கழுவியவர், வழக்கம்போல உட்காராமல், வேலியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனார். மேற்குப் பக்கம் சாய்ந்துகிடக்கிறது, அப்படியே பிரித்துக் கட்டவேண்டும் என்று அங்கிருந்தே சத்தம் போட்டுச் சொன்னார். மழைக்கு இன்னும் சில நாள்தான் இருந்தது. மறுநாள் காலையில் இருவரும் சேர்ந்து அதைப் பிரிக்க ஆரம்பித்தோம்.